காயில் கடையும் கேம்பஸ் இன்டர்வியூவும்

கேள்வி:

அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.இ.இ. கிடைத்தது. இப்போது இறுதியாண்டு. சி.ஜி.பி.ஏ. 8.1, அரியர் ஒன்றுகூட இல்லை. இதுவரை மூன்று கம்பெனிகள் கேம்பஸுக்கு வந்தன. மூன்றிலும் ஆப்டிட்யூட் டெஸ்ட் தேறினேன். ஒன்றில் குரூப் டிஸ்கஷனோடு அனுப்பிவிட்டார்கள். மற்ற இரண்டிலும் டெக்னிக்கல் இன்டர்வியூவில் போய்விட்டது. "உனக்குக் கம்யூனிகேஷன் போதாதும்மா" என்கிறார் பிளேஸ்மென்ட் ஆபீசர். படித்ததெல்லாம் மனதில் இருக்கிறது, வாய்க்குத்தான் வர மாட்டேன் என்கிறது. ஸ்டார் கனெக்‌ஷனுக்கும் டெல்டா கனெக்‌ஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். புத்தகத்தில் இருக்கும் வரியைத் தொடங்கினேன், பாதியில் ஆங்கிலம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நானும் கூட இருந்து வேலை பார்ப்பேன். மதுரையில் ஒரு சென்டரில் ஸ்போக்கன் இங்கிலீஷும் இன்டர்வியூ பயிற்சியும் சேர்த்து மூன்று மாதத்துக்கு 25,000 ரூபாய் கேட்கிறார்கள். கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்கிறார் அப்பா. சேரலாமா? என் ஆங்கிலம்தான் எல்லாவற்றுக்கும் தடையா? மீதி இருக்கும் மாதங்களில் நான் என்ன செய்ய வேண்டும்?

– இறுதியாண்டு மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏன் என்பது போகப் போகப் புரியும்.

"கம்யூனிகேஷன் போதாது" என்ற குறிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்டர்வியூ எடுப்பவர் கையில் ஒரு தாள் இருக்கும். அதில் பாட அறிவுக்கு ஒரு கட்டம், கம்யூனிகேஷனுக்கு ஒரு கட்டம், அணுகுமுறைக்கு ஒரு கட்டம். மாணவர் கேள்வியைச் சரியாக வாங்கிக்கொள்ளாமல் வேறொன்றுக்குப் பதில் சொன்னாலும், முணுமுணுத்தாலும், மனப்பாட வரியில் சிக்கி நின்றாலும், ஆங்கில இலக்கணம் தவறினாலும் எல்லாம் கம்யூனிகேஷன் என்ற அந்த ஒரே கட்டத்தில்தான் விழும். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது பேரைப் பார்க்கிறவர் காரணத்தைப் பிரித்து எழுதுவதில்லை. உங்கள் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு வந்து சேர்வது அந்த ஒற்றைச் சொல்தான். அதை வைத்து ஆங்கிலம் மட்டுமே குறை என்று நீங்களும் அப்பாவும் முடிவு கட்டிவிட்டீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது.

ஸ்டார், டெல்டா கேள்வியையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று எரிந்துபோய் உங்கள் கடைக்கு வருகிறது. அப்பா மூடியைக் கழற்றி ஸ்டேட்டரைப் பார்க்கிறார். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், பம்ப் இறுகி மோட்டார் அதிக லோடு இழுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் வோல்டேஜ் குறைந்து கரன்ட் ஏறியிருக்க வேண்டும். மூன்றில் இரண்டு ஃபேஸின் காயில் மட்டும் கருகி, மூன்றாவது புதிதுபோல் பளபளவென்று இருந்தால், அது ஸ்டாரில் கட்டிய மோட்டார், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. ஸ்டாரில் ஒரு லைன் அறுந்தால் மிச்சமிருக்கும் இரண்டு வைண்டிங்கும் வரிசையாகச் சேர்ந்து மொத்தக் கரன்ட்டையும் சுமக்கும். மூன்றாவதில் ஒன்றும் ஓடாது. அதே கோளாறு டெல்டாவில் நேர்ந்தால் ஒரே ஒரு ஃபேஸின் காயில் எரியும். மிச்சமிருக்கும் இரண்டு லைனுக்கு நடுவில் இருக்கும் வைண்டிங்குக்கு முழு வோல்டேஜ் கிடைக்கிறது, மற்ற இரண்டும் வரிசையில் சேர்ந்து அந்த வோல்டேஜைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்கின்றன. எரிந்த காயிலைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடுவார் நல்ல வைண்டர். இதைச் சின்ன வயதிலிருந்து நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டு கனெக்‌ஷனிலும் கரன்ட் எந்த வழியாகப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரிந்து எந்த வகுப்பிலும் இல்லை.

அந்த அறையில் நீங்கள் இதைச் சொல்லவில்லை. லைன் வோல்டேஜ், ஃபேஸ் வோல்டேஜ், ரூட் மூன்று என்று புத்தகத்தில் தொடங்கும் வரியைத் தேடிப் போனீர்கள். மனப்பாடம் செய்த வாக்கியத்தில் ஒரு சொல் நழுவினால் அடுத்த சொல்லுக்கு வழி கிடையாது. கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது ஒரு சொல் கிடைக்காவிட்டால் இன்னொன்றைப் போட்டுத் தொடரலாம். "டூ காயில்ஸ் ஆர் பிளாக். ஒன் காயில் இஸ் குட். சோ, திஸ் இஸ் எ ஸ்டார் மோட்டார். ஒன் ஃபேஸ் வாஸ் லாஸ்ட்." இவ்வளவுதான் ஆங்கிலம். இதைப் பேச உங்களால் முடியும். இப்படி ஒரு பதிலைக் கேட்டால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். "எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பிறகு அது பரீட்சையாக இருக்காது, இரண்டு எலெக்ட்ரிகல் ஆட்கள் மோட்டார் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும். மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்த ஆண்டுகளில் நான் ஆசையோடு எதிர்பார்த்துக் காத்திருந்தது இந்த மாதிரிப் பேச்சைத்தான். அது மிகக் குறைவாகவே கிடைத்தது என்பது எனக்கு இன்றும் வருத்தம். கிடைக்காததற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதவும், வைவாவில் டெஃபனிஷன் ஒப்பிக்கவும் நான்கு வருடம் பழக்கிவிட்டு, கடைசி செமஸ்டரில் ஒரு வாரம் சாஃப்ட் ஸ்கில்ஸ் வகுப்பு வைக்கும் கல்லூரிகளுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இதைச் சொல்வதால் ஆங்கிலம் தேவையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். தேவை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய மென்பொருள் வேலைக்குச் சரளமான ஆங்கிலம் வேண்டும். சில கம்பெனிகள் இப்போது கம்ப்யூட்டரை வைத்தே பேச்சைச் சோதிக்கின்றன. ஹெட்போனில் ஒரு வாக்கியம் கேட்கும், அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு சிறு கதையைக் கேட்டுவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். இதற்கு வாய்விட்டுப் பழகுவது தவிர வேறு வழியில்லை. உச்சரிப்பைக் கேட்டதுமே ஆளை எடைபோடும் இன்டர்வியூவர்களும் இருக்கிறார்கள். அது அநியாயம். அப்படி ஒருவரிடம் மாட்டினால் உங்கள் தகுதியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை என்பதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

25,000 ரூபாய் சென்டரில் உங்களுக்குக் கிடைப்பது தினமும் பேச ஓர் இடமும், கேட்க நான்கு பேரும். அந்த நான்கு பேர் உங்கள் ஹாஸ்டலிலேயே இருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கூடுங்கள். ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும். அதில் ஒருவராவது வேறு பிரிவைச் சேர்ந்தவராக இருக்கட்டும். சிவில் படிக்கும் தோழிக்கு இண்டக்‌ஷன் மோட்டார் புரிகிற மாதிரிச் சொல்ல முடிந்தால் ஹெச்.ஆர். அதிகாரிக்கும் சொல்ல முடியும். முதல் முறை தமிழில் சொல்லுங்கள். எதற்குப் பிறகு எது என்ற ஒழுங்கு தமிழில் சரியாக வந்தபின், அதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தமிழிலேயே குழம்பினால் அங்கே குறைவது ஆங்கிலம் இல்லை, விஷயம் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். புத்தகத்தைத் திறக்க வேண்டியதுதான். பேசுவதை போனில் பதிவுசெய்து கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்க முதலில் கூச்சமாக இருக்கும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்குகிறீர்களா, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் "ஆக்சுவலி" வருகிறதா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

ஆங்கிலத்துக்குப் பாடப்புத்தகமாக நான் சொல்வது மோட்டாரின் நேம் பிளேட். அப்பா கடையில் கிடக்கும் ஏதாவது ஒரு மோட்டாரின் பிளேட்டை போட்டோ எடுத்துவந்து, அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு வரி பேசிப் பாருங்கள். கிலோவாட், வோல்ட், ஆம்பியர், கனெக்‌ஷன், பவர் ஃபேக்டர், இன்சுலேஷன் கிளாஸ் என்று போகும். கிளாஸ் பி என்றால் 130 டிகிரி, கிளாஸ் எஃப் என்றால் 155 டிகிரி செல்சியஸ் வரை இன்சுலேஷன் தாங்கும். வேகம் 1440 என்று இருக்கும். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நான்கு போல் மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது, பிறகு ரோட்டர் ஏன் 1440தான் சுற்றுகிறது? இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி இது. ரோட்டரும் அதே வேகத்தில் சுற்றினால் அதற்குள் கரன்ட் உண்டாகாது, கரன்ட் இல்லையென்றால் திருப்பு விசை இல்லை என்பதை உங்கள் வார்த்தையில் மூன்று வரியில் சொல்லப் பழகுங்கள். பம்ப் கம்பெனிகளின் மேனுவலை வாய்விட்டுப் படிப்பதும் நல்லது. சிறு வாக்கியங்கள், நேரடியான வினைச்சொற்கள். தொழிற்சாலையில் உங்களுக்கு வேண்டிய ஆங்கிலம் பெரும்பாலும் அதுதான்.

இனி திறன் பக்கம். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். வாங்கிய ப்ராஜெக்ட்டைப் பற்றி இரண்டாவது கேள்விக்கு மேல் யாராலும் பதில் சொல்ல முடிவதில்லை. உங்களுக்கு ப்ராஜெக்ட் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு நோட்டு போடுங்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு எரிந்த மோட்டாருக்கும் தேதி, ஹெச்.பி., ஸ்டாரா டெல்டாவா, எந்தக் காயில் எப்படிக் கருகியிருந்தது, விவசாயி என்ன சொன்னார், அப்பாவின் கணிப்பு என்ன என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஊரில் இல்லாத நாட்களில் அப்பாவோ கடையில் இருக்கும் தம்பியோ போட்டோ எடுத்து அனுப்பட்டும். எத்தனை மோட்டார் ஃபேஸ் போனதால் எரிந்தது, எத்தனை லோடால் எரிந்தது, அவற்றில் எத்தனைக்கு ஸ்டார்ட்டரில் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் இருந்தது என்று சில மாதத்தில் உங்கள் கையில் சொந்தக் கணக்கு இருக்கும். ஒரு ஃபேஸ் போனதும் சப்ளையை நிறுத்தும் சிறு சர்க்கியூட் ஒன்றைச் செய்து அப்பாவின் டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிக் காட்டினால் ப்ராஜெக்ட் முடிந்தது. அந்த நோட்டை இன்டர்வியூவுக்கே எடுத்துப் போகலாம்.

இந்த நோட்டுப் பழக்கத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பிளான்ட்டில் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு புது இன்ஜினியர் பேசுவதைவிட எழுதுவதே அதிகம். ஷிப்ட் மாறும்போது, எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, என்ன அறிகுறி தெரிந்தது, என்ன செய்தோம், என்ன பாக்கி என்று அடுத்து வருபவருக்கு லாக் புக்கில் எழுதிவைக்க வேண்டும். "மோட்டார் பிராப்ளம், அட்டெண்டட்" என்று எழுதிவிட்டுப் போனால் இரவு ஷிப்ட்காரர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். பாதி பழுதுபார்த்த மெஷினில் தெரியாமல் ஸ்விட்ச் போட்டு யாருக்காவது அடிபடவும் கூடும். எழுத்தில் தெளிவு இல்லாததால் உயிருக்கே ஆபத்து வரும் துறை நம்முடையது என்பதை எந்த மாணவருக்கும் நான் அழுத்திச் சொல்வேன். மெயிலும் அப்படித்தான். தலைப்பைப் படித்தாலே என்ன விஷயம் என்று தெரிய வேண்டும், முதல் இரண்டு வரியில் என்ன கேட்கிறீர்கள் என்பது வந்துவிட வேண்டும்.

குரூப் டிஸ்கஷனில் முதலில் பேசுபவருக்குத்தான் மதிப்பெண் என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். மற்றவர் பேசியதை நீங்கள் கேட்டீர்களா என்பதை நடத்துபவர் கவனிக்கிறார். மூன்றாவதாகவோ நான்காவதாகவோ நுழையலாம். முன்னால் பேசியவர் சொன்ன ஒரு கருத்தைக் குறிப்பிட்டு, அதோடு ஓர் உதாரணத்தையோ மாற்றுக் கருத்தையோ சேர்த்து, நான்கு வரியில் நிறுத்துங்கள். வாய்ப்பே கிடைக்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவரிடம் கேளுங்கள். இரண்டு முறை நன்றாகப் பேசினால் போதும்.

இன்டர்வியூவில் கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. புரியாமல் பதில் சொன்னால்தான் குறையும். தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள். சிங்க்ரோனஸ் மோட்டார் பற்றிக் கேட்டு வராவிட்டால், "அதைக் கையாண்டதில்லை சார், இண்டக்‌ஷன் மோட்டாரைப் பிரித்துக் கட்டியிருக்கிறேன், அதைப் பற்றிக் கேளுங்கள்" என்று சொல்லலாம். எந்தப் பக்கம் பேச்சு போக வேண்டும் என்பதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் அப்பா பெயர், அம்மா பெயர், பாட்டு கேட்பது பொழுதுபோக்கு என்று ஒப்பிப்பதை விட்டுவிடுங்கள். எந்த ஊர், தமிழ்வழியில் படித்து இங்கே வந்தது, அப்பாவின் கடையில் என்னென்ன வேலை கைவசமானது, ப்ராஜெக்ட்டில் என்ன கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு நிமிடத்தில் சொல்லி நிறுத்துங்கள். அப்பா காயில் கட்டுகிறவர் என்று சொல்லப் பல பிள்ளைகள் தயங்குகிறார்கள். மறைக்காதீர்கள். ரெஸ்யூமேயிலும் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் அந்தக் கடையைப் போடுங்கள். காயில் சுற்றுவது, ஸ்லாட்டில் இறக்குவது, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்ப்பது ஆகியவற்றில் நீங்களே செய்யத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். கூட்டி எழுதினால் மெகர் ரீடிங் எவ்வளவு வர வேண்டும் என்ற முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மென்பொருள் கம்பெனியா, எலெக்ட்ரிகல் வேலையா என்று நீங்கள் எழுதவில்லை. மென்பொருள் என்றாலும் பயப்பட வேண்டியதில்லை. இன்ஃபோசிஸ் போன்ற நிறுவனங்கள் எந்தப் பொறியியல் பிரிவில் படித்தவர்களையும் எடுத்து மைசூரு வளாகத்தில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கின்றன. ஜோஹோ, பட்டமே இல்லாமல் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களைத் தன் பள்ளியில் சேர்த்து, ப்ரோக்ராமிங்கோடு ஆங்கிலத்தையும் தானே சொல்லிக்கொடுக்கிறது. தென்காசியிலும் அந்தப் பள்ளி நடக்கிறது. இவர்கள் தேடுவது கற்றுக்கொள்ளும் தெம்பை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எலெக்ட்ரிகல் துறையை விட்டுவிடாதீர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. உங்கள் ஊரிலிருந்து கமுதி அதிக தூரமில்லை. அங்கே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இயங்குகிறது. முப்பந்தலில் காற்றாலைகள், கோவையில் பம்ப் தொழில், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகனத் தொழிற்சாலைகள் என்று மோட்டாரையும் கன்ட்ரோல் பேனலையும் கையால் அறிந்த இன்ஜினியருக்கு இடம் இருக்கிறது. இந்த இடங்களில் ஆபரேட்டரோடு தமிழில் பேச வேண்டும், வடமாநிலத் தொழிலாளி வந்தால் கொஞ்சம் இந்தி உதவும், மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். பெண் பிள்ளைக்கு ஷாப் ஃப்ளோர் சரிப்படாது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஸ்டேட்டரைத் தூக்கிப் பழகிய கை உங்களுடையது.

செலவில்லாத பயிற்சிகளை முதலில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகள் உங்கள் கல்லூரியிலும் நடக்கும். வருகைப் பதிவுக்காக மட்டும் போய் உட்காராமல், எலெக்ட்ரிகல் சார்ந்த பாடம் எது இருக்கிறது என்று துறைத் தலைவரிடம் கேட்டு எடுங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல்.லில் மின் இயந்திரங்கள் பற்றிய விரிவுரைகளை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் பரீட்சைக்கு மட்டும்தான் கட்டணம். அந்தப் பேராசிரியர்கள் ஒரு விஷயத்தை எந்த வரிசையில் விளக்குகிறார்கள் என்று கவனித்தாலே பேச்சுக்கும் அது பயிற்சி.

கேம்பஸில் கிடைக்காமல் போனாலும் வழி அடைபடாது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் பொறியியல் பட்டதாரிகளுக்கு ஓராண்டு பயிற்சி உண்டு, மாத உதவித்தொகையும் உண்டு. தென்மாநிலங்களுக்கான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், மின்வாரியம் போன்றவை இந்த வாரியத்தின் வழியாகப் பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன. தனியார் தொழிற்சாலைகளும் எடுக்கின்றன. ஏற்கெனவே ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதனால் படிப்பு முடிந்ததும் ஏதோ ஒரு வேலை என்று உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு வருடம் உட்கார்ந்துவிடாதீர்கள். டிகிரி முடிவு வந்ததும் இந்த அப்ரண்டிஸ் பயிற்சிக்கான என்.ஏ.டி.எஸ். இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, அறிவிப்புகளை வாரம் ஒருமுறை பாருங்கள். பயிற்சி முடிவில் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகவே பதியலாம்.